பதினெட்டாவது கேள்விக்கு எழுதின பதில்

இல்ல சேர்மன் சார், நான் நின்னுக்கறேன். ஒம்பது நாளா உக்காந்தே பேப்பர் திருத்தி இடுப்பு புடிச்சிக்கிச்சி. நீங்க உக்காருங்க. அந்த பேப்பர மட்டும் கொஞ்சம் மூடி வெச்சிட்டு நான் சொல்றதக் கேளுங்க. அந்தோணி சார் உங்க கிட்ட இன்னா சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து சேர்தானே, கூட்டல் சரி பாக்கறதுக்காக நானும் அவரும் பேப்பர மாத்திக்கறோம், அப்ப கடைசிப் பக்கத்தப் பாத்துட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு ரூலத்தான் சொல்றாரு. திருத்தறவங்களுக்கு வேண்டுகோள் எழுதினா மால்பிராக்டிஸ், பேப்பர யூனிவர்சிட்டிக்கு அனுப்பணும், அந்தப் புள்ள இந்த செமஸ்டர்ல எழுதின எல்லாப் பேப்பரும் கேன்சல். பதினோரு வருசமா இந்த கேம்புக்கு வர்றேன், எனக்குத் தெரியாதா சார்.

அந்தப் பக்கத்துக்கு அப்பறம் வர்றேன். ஓடிப் போறேன்னு நெனைக்காதீங்க, கட்டாயம் வர்றேன். மொதல்ல மார்க்கப் பத்திப் பேசிடலாம். பத்துக்கு ஒம்பது போட்டிருக்கேன், ஆமா. எழுதியிருக்கறதுல ஒரு நாவல் பேரு இல்ல, ஒரு ஆசிரியர் பேரு இல்ல, சரிதான். கேள்விய ஒரு தடவ படிங்களேன். பதினெட்டாவது கேள்வி. கோத்திக் இலக்கியத்தோட முக்கியமான கருப்பொருள்களத் தகுந்த உதாரணங்களோட விளக்குக. அவ்ளோதான் இருக்கு. உதாரணம் புக்குலேர்ந்துதான் வரணும்னு எங்க போட்டிருக்கு? ஆன்சர் கீல அஞ்சு பாயிண்ட் குடுத்திருக்காங்க. இடிஞ்ச கட்டடம். விடாம தொரத்துற பழைய பாவம். செஞ்சவனயே திங்கற படைப்பு. ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு. அடைச்சு வெச்ச பொம்பள. ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு மார்க்கு. இந்தப் புள்ள அஞ்சையும் எழுதியிருக்கு, அதே வரிசைல எழுதியிருக்கு.

ஃபேன் ஓடலியா இங்கயும்? ஹால்லயும் ரெண்டு நாளா ஓடல. வேலூர் வெயில்ல மே மாசம் கேம்ப் வெக்கணும்னு யாருக்குத்தான் தோணுதோ. பரவால்ல, தொடச்சிக்கறேன்.

காலைல இருபத்தஞ்சு பேப்பர், மத்தியானம் இருபத்தஞ்சு. மணிக்கட்டு வீங்கிப் போச்சு, இங்க பாருங்க. அது கூட தாங்கிக்கலாம். எல்லாப் பேப்பர்லயும் நானே எழுதியிருக்கேன் சார், அதான் தாங்கல. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்க காலேஜுக்கு எதுத்தாப்ல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு, அப்துல் கரீம் பாய் கடை. நான் கெஸ்ட் லெக்சரரா சேந்த புதுசுல, பாவம் பசங்களுக்கு இங்கிலீஷ் வரலியேன்னு இந்தப் பாடத்துக்கு நாலு பக்கம் நோட்ஸ் எழுதிக் குடுத்தேன். பாய் அத பத்திரமா வெச்சுக்கிட்டாரு. தேவிகா மேடம் நோட்ஸ்னு கேட்டா எடுத்துக் குடுப்பாரு. ராணிப்பேட்டை பசங்க கூட வந்து வாங்கிட்டுப் போறாங்களாம். ஒடுகத்தூர்லேர்ந்து பஸ் ஏறி வர்ற புள்ளயும் அதத்தான் எழுதுது, கணியம்பாடிலேர்ந்து வர்ற பையனும் அதத்தான் எழுதறான். யாரு புக்கப் படிக்கறாங்க? நான் எழுதினத நானே திருத்தி நானே மார்க் போட்டுக்கிட்டு இருக்கேன், பேஜாராயிடிச்சி.

அதுல அஞ்சாவது பாயிண்ட்டுல ஒரு வரி வரும். பெண்ண வீட்டுக்குள்ள அடைச்சு வெக்கறதுங்கறது அந்தக் காலத்துக் கற்பனை, இன்னிக்கிப் படிக்கறவங்களுக்கு அது வெறும் குறியீடு, அப்பிடின்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு இல்ல? கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. இந்த ஒம்பது நாள்ல அந்த வரிக்கு முந்நூறு நானூறு தடவ டிக் போட்டிருப்பேன்.

அப்பிடி இருக்கச்சொல்ல நேத்து மத்தியானம், டீ குடுத்துட்டுப் போனதுக்கு அப்பறம், இந்தப் பேப்பர் வந்துச்சி. மொத ரெண்டு வரி என் நோட்ஸ்தான். கோத்திக் கதைங்க ஒரு இடிஞ்ச கோட்டைல ஆரம்பிக்கும்னு இருக்கு. சரி, இதுவும் அதேதான்னு டிக் போடப் போனேன். மூணாவது வரில சொல்றா, எங்க ஊர்ல கோட்டை இல்ல, டேனரி இருக்கு. மூடிப் பல வருசமாவுது. உள்ள தோலப் போட்டு சுத்தற மரப் பீப்பாய்ங்க ஆள் ஒசரத்துக்கு மேல நின்னுக்கிட்டு இருக்கு, பலகை எல்லாம் வாய் தொறந்து கெடக்கு. பேய் இருக்கறதா எங்க தெருவுல யாரும் சொல்லல, ஆனாலும் அந்தப் பக்கம் போறதில்ல. ஆளுங்க எல்லாம் நின்னுட்டாங்க, நாத்தம் மட்டும் இன்னும் வேலைக்கி வந்துக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ் தப்புத்தப்பாத்தான் எழுதியிருக்கா, நான் சொல்றது அதோட அர்த்தம். அந்த எடத்துல பேனாவக் கீழ வெச்சிட்டேன் சார். ஒம்பது நாள்ல மொத தடவ ஒரு பேப்பரப் படிச்சேன்.

பழைய பாவம்னு ரெண்டாவது பாயிண்ட்டு. பசங்க எல்லாம் ஜமீன் பரம்பரை, சாபம்னு எழுதுவாங்க. நானே அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். இவ கெணத்தப் பத்தி எழுதியிருக்கா. டேனரித் தண்ணிய நெலத்துல விட்டது எங்க அப்பாவும் அவரு கூட வேலை செஞ்சவங்களும்தான். மொதலாளி சொன்னாரு, இவங்க வால்வத் தொறந்தாங்க. அந்தக் கூலிலதான் என்னப் படிக்க வெச்சாங்க. இப்ப எங்க கெணத்துல வாளி விட்டா வர்ற தண்ணிய மாடு கூட குடிக்க மாட்டேங்குது. யாரத் திட்டறதுன்னு எனக்குத் தெரியல, எங்க அப்பா கைய நானே புடிச்சிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவ. சார், முப்பது வருசமா நீங்க இந்தப் பாடம் எடுக்கறீங்க. எந்தப் பையனாவது உங்களுக்கு இப்பிடி எழுதியிருக்கானா? சும்மா கேக்கறேன், பதில் சொல்ல வேணாம்.

மூணாவது அவங்க அம்மாவப் பத்தி. ஆம்பூர் கம்பெனிலேர்ந்து ஷூவோட மேல் பாகத்த மூட்டை கட்டி வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க இல்ல, கைத்தையல் போடறதுக்கு. வாசப்படில உக்காந்து அந்தம்மா ஊசியால தெச்சிக்கிட்டே இருக்கும். பதினெட்டு வருசமா தெச்சி ரெண்டு வெரலு மடங்கவே மாட்டேங்குது. எங்க அம்மா செஞ்ச ஷூங்க எங்கயோ வெளிநாட்ல நடந்துக்கிட்டு இருக்கு, எங்க அம்மாவால நடக்க முடியலன்னு முடிச்சிருக்கா. இதுக்கு ரெண்டுக்கு ரெண்டு போட்டேன். போடக் கூடாதுன்னு சொல்லுங்க, பேசாம போய்டறேன்.

இந்தப் புள்ள எடுத்த எடுப்புலயே பாஸாவற புள்ள சார். பி.எட். அட்மிஷனுக்கு அப்ளிகேஷன் போட்டு வெச்சிருக்கு. டீச்சராயிட்டா அம்மா ஊசிய கீழ வெச்சிடலாம்னு நெனப்பு. இப்ப எல்லாப் பேப்பரும் கேன்சல்னா ஒரு வருசம் போச்சி, அதுக்கப்பறம் அந்த வீட்ல யாரு படிக்க வெப்பாங்க, அதுவும் ஊசியத்தான் எடுக்கணும்.

எனக்கு எப்பிடித் தெரியும்னா? அது... எல்லாப் பசங்களும் போடறதுதானே சார். பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சா வேற இன்னா பண்ணுவாங்க. ஒரு யூகம்தான். நம்பர மறைச்சு டம்மி நம்பர் போட்டுத்தானே தர்றீங்க, யாரு இன்னான்னு எனக்கு எங்க தெரியும்.

நாலாவது படிங்க. இல்ல, குடுங்க, நானே சொல்றேன். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு. அவங்க எதுத்த வீட்ல ஒருத்தர் இருக்காராம். ஷூ கம்பெனில லைன் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ல வயசானவங்க ஏறினா மொதல்ல எழுந்து எடம் குடுக்கறவரு அவருதான். தெருவுல யாரு வீட்ல சாவு விழுந்தாலும் பந்தல் போட மொத ஆளா நிப்பாரு. யாரையும் ஒரு வார்த்த அதட்டிப் பேசி பாத்ததில்ல. எங்க அம்மா கூட சொல்லும், ஆம்பளன்னா அப்பிடி இருக்கணும்னு. அதே ஆளு தனியா வீட்ட விட்டுக் கெளம்பச்சொல்ல கேட்டப் பூட்டிட்டு பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாரு. உள்ள அவரு பொண்டாட்டி இருக்காங்கன்னு தெருவுக்கே தெரியும். ரெண்டு பேரும் ஒரே ஆளுதான், எனக்கு அதுதான் பயமா இருக்குன்னு எழுதியிருக்கா.

அந்த ஆள கெட்டவன்னு நெனைக்கறீங்க இல்ல? அப்பிடி இல்ல சார். குடி கெடையாது. கை நீட்ட மாட்டாரு. ஒரு தடவ தெருவுல பட்டப்பகல்ல ஒரு பொம்பள கழுத்துலேர்ந்து செயின அறுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க, அன்னிக்கி ஆரம்பிச்சது. உன் நல்லதுக்குத்தான்னு சொன்னாரு. ஒரு வாரம்னாரு. சாவி ஒண்ணு உள்ள இருக்கட்டுமேன்னு கேட்டா சிரிப்பாரு, உனக்கு எதுக்கு சாவி, நான்தான் வந்துடறேனேம்பாரு. சண்டை போடறதுக்குக் கூட ஒரு காரணம் வேணும் இல்ல சார்? அவரு சிரிச்சிட்டா இன்னாத்தப் புடிச்சி சண்டை போடறது. அப்பிடியே ஏழு வருசம் ஓடிடிச்சி.

எங்க எழுதியிருக்கான்னு தேடறீங்களா? அந்தப் பக்கத்துல இருக்காது.

ஒரு நிமிஷம் சார், ஃபோன் அடிக்குது. எடுக்கலன்னா நிக்காது, மறுபடி மறுபடி வரும். மன்னிச்சிக்கோங்க. ஹலோ. ம். இல்ல, இன்னும் முடியல. சேர்மன் சார் கூப்ட்டாரு, அவரு ரூம்ல இருக்கேன். ஆமா, சேர்மன் ஆம்பளதான். வயசானவரு. கதவு தொறந்துதான் இருக்கு. சாப்ட்டேன். நாலரைக்குத்தான். சரி. சரி வெக்கறேன்.

எங்க வீட்டுக்காரர். காலைலேர்ந்து இது அஞ்சாவது. வயசானவருன்னு சொன்னதுக்கு தப்பா எடுத்துக்காதீங்க, அப்பிடிச் சொன்னாத்தான் வேல நடக்கும்.

அஞ்சாவது பாயிண்ட்டு. நீங்களே படிச்சிட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் நான் சொல்றேன், ஏன்னா அந்தோணி சார் படிச்சதும் நான் படிச்சதும் ஒண்ணு இல்ல. எழுதியிருக்கா பாருங்க, எதுத்த வீட்டு அம்மா படிச்சவங்க. வேலைக்கிப் போற நாள்ல வீட்டுக்காரர் வண்டில கொண்டு போய் விடுவாரு, அவரே கூட்டிக்கிட்டு வருவாரு. லீவு நாள்ல வெளிய பூட்டு. கோடை லீவு ரெண்டு மாசமும் வெளிய பூட்டு. பால் பாக்கெட்ட நான்தான் கேட்டுக் கம்பி வழியா உள்ள குடுப்பேன். போன வருசம் அவங்களுக்குக் காய்ச்சல் வந்து மூணு நாள் எழுந்துக்கல, நான் கம்பிக்கு வெளிய நின்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தேன், மாத்திரைய உள்ள தூக்கிப் போட்டேன், அது கட்டில் கிட்ட கூட போய் விழல. நோட்ஸ்ல இத குறியீடுன்னு குடுத்திருக்காங்க. எங்க தெருவுல இது இரும்பு.

என் நோட்ஸ எனக்கே திருப்பி எழுதினதுல, தப்புன்னு சொன்ன ஒரே புள்ள இது. நான் சிவப்பு மைல அந்த எடத்துல கோடு போட்டிருக்கேன் பாருங்க. அது தப்புன்னு போட்ட கோடு இல்ல.

சரி, கடைசிப் பக்கம். சொன்னேன் இல்ல, வர்றேன்னு. எல்லாரும் கடைசிப் பக்கத்துல இன்னா எழுதுவாங்க? சார், நான் ஏழை, பாஸ் போடுங்க. மேடம், அப்பா இல்ல, பாத்து போடுங்க. எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடிச்சி, ஃபெயில் பண்ணிடாதீங்கன்னு கூட ஒருத்தி எழுதியிருந்தா. அதெல்லாம் கேஸுதான், நானே மூணு பேப்பர் அனுப்பியிருக்கேன். இவ எழுதினதப் படிங்க. தமிழ்லதான் எழுதியிருக்கா, இங்கிலீஷ்ல சொல்ல வரல போல. மதிப்புக்குரிய சார் அல்லது மேடம், எனக்கு மார்க் வேண்டாம். இத வெளிய சொல்ல எனக்கு யாரும் இல்ல. எங்க அம்மா, அவங்க புருசன் பொண்டாட்டி விசயம், நீ தலையிடாதன்னு சொல்லிடிச்சி. அந்த அம்மா கிட்டயே கேட்டேன், போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லட்டான்னு. படிக்கற வேலையப் பாருன்னு சொல்லிட்டாங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அதனாலதான் உங்க கிட்ட சொல்றேன். மூடின டேனரிக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து, பச்சை கேட்டு. யாரையாவது அனுப்பி தொறக்கச் சொல்லுங்க.

இது மார்க் கேட்டதா சார்? நீங்களே சொல்லுங்க.

ரூலு ரூலுதான், புரியுது. வேண்டுகோள்னா எதுவா இருந்தாலும் வேண்டுகோள்தான்னு சொல்றீங்க. அதுக்கு மேல இன்னொண்ணு சொன்னீங்களே இப்ப, மெதுவா சொன்னீங்க. எரக்கம் வர்ற மாதிரி கதை கட்டி மார்க் வாங்கற வழியா இருக்கலாம், இந்தக் காலத்துப் பசங்க கில்லாடிங்கன்னு. அப்பிடி ஒரு வீடு இருக்குதான்னு யாருக்குத் தெரியும்னு கேட்டீங்க. கதைன்னா கேஸ் போடுவீங்க. நெசம்னா?

நெசம்னு யாராவது எழுதிக் குடுத்தா யோசிக்கலாம். சரி. ரொம்ப நல்லது சார். அந்த வார்த்தைக்காகத்தான் இவ்ளோ நேரமா நின்னுக்கிட்டு இருக்கேன்.

அப்ப ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க, நான் எழுதித் தர்றேன். அந்தப் புள்ள பேரு ஷர்மிளா. எங்க காலேஜ்தான், என் கிளாஸ்தான். நேத்து ரெண்டாவது பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சிடிச்சி. தெரிஞ்ச ஸ்டூடண்ட் பேப்பர்னு தெரிஞ்சா கட்டோட திருப்பிக் குடுத்துடணும், அது ரூலு. நான் குடுக்கல. உக்காந்து படிச்சேன், திருத்தினேன், மார்க் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். அது என் தப்பு, அவ தப்பு இல்ல. எந்தக் கட்டு எந்த டேபிளுக்குப் போவும்னு உங்களுக்கே தெரியாது, அவளுக்கு எப்பிடித் தெரியும்? முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு படிக்கட்டும்னு எழுதினா. இவ்ளோ பெரிய ஹால்ல, நூத்தி இருபது பேரு திருத்தறாங்க, அது வந்து என் டேபிள்ல விழுந்துச்சி. படிக்கற வேலையப் பாருன்னு சொன்னவ டேபிள்லயே வந்து விழுந்துச்சி.

ஆமா சார். அது எங்க வீட்டு கேட்டுதான்.

தண்ணி வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க உக்காருங்க, நீங்க எதுக்கு எழுந்து நிக்கறீங்க. அழற கட்டம் எல்லாம் நாலு அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சி போச்சு. நேத்து படிச்சப்பக் கூட அழுவ வரல, வெக்கமா இருந்துச்சி. அதுக்கு மேல ஒரு சந்தோசமும் இருந்துச்சி, சொன்னா நம்ப மாட்டீங்க. நம்மள ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஏழு வருசமா ஊரே பாக்குது, எல்லாரும் நல்ல மனுசன் கெடச்சிருக்கான் உனக்குன்னுதான் சொன்னாங்க. எங்க அம்மா வீட்லயும் அதத்தான் சொன்னாங்க. நீ பத்திரமாவாவது இருக்கேன்னாங்க. பாடம் எடுக்கறவ, பூட்டின ரூம்ல இருக்கற பொம்பளயப் பத்தி வருசா வருசம் போர்டுல எழுதிப் போடறவ, பசங்க மேடம் அவங்க ஏன் தப்பிச்சிப் போவலன்னு கேட்டா, அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்பிடித்தான்னு சொல்லிட்டு பெல்லடிச்சா டஸ்டர எடுத்துக்கிட்டு வந்துடறவ. வெளிய அவரு வண்டி நின்னுக்கிட்டு இருக்கும். எனக்கே நான் சொல்றது கேக்கல சார் அப்பல்லாம்.

பத்துக்கு ஒம்பதுதான் போட்டேன், முழுசா போடல, ஏன்னு நீங்க கேக்கல. கடைசில அந்த அம்மா பயந்து போய் உள்ள இருக்காங்கன்னு எழுதியிருக்கா. அந்த ஒண்ணுதான் சரியில்ல. பயம் இல்ல சார், அசதி. நாளைக்கிக் கேக்கலாம், லீவு முடியட்டும், அவரு மூட் நல்லா இருக்கச்சொல்ல கேக்கலாம்னு தள்ளித் தள்ளி அசந்து போறது. அது இருபது வயசுப் பொண்ணுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அதுக்கு ஒரு மார்க்கக் கொறச்சேன். மத்தபடி அவ எழுதினதுல ஒரு வார்த்த பொய் இல்ல, நான் பொறுப்பு.

தெரியும் சார். எழுதிக் குடுத்தா இன்னா ஆவும்னு தெரிஞ்சிதான் சொல்றேன். தெரிஞ்ச புள்ள பேப்பரத் திருத்தினேன்னு என் கையெழுத்துல இருந்தா, ஜூன்ல எனக்கு ரின்யூவல் கெடையாது. காலேஜ் இல்லன்னா எனக்கு லீவு முடியவே முடியாது. வாரத்துல அஞ்சு நாள் அந்த கேட்டு தொறக்குதுன்னா அது இந்த வேலைக்காகத்தான். வேலை போச்சுன்னா அவருக்கு சந்தோசம்தான், நான்தான் சம்பாதிக்கறேனே உனக்கு எதுக்கும்பாரு, சிரிப்பாரு. நேத்து ராத்திரி பூரா அதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். காலைல வண்டில வரச்சொல்ல கூட, அந்தோணி சார் கிட்ட கெஞ்சிப் பாத்து எப்பிடியாவது மறைச்சிடலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள அவரு பேப்பர உங்க கிட்ட குடுத்துட்டாரு. நல்லதுதான் பண்ணாரு. இல்லன்னா நான் மறுபடியும் தள்ளிப் போட்டிருப்பேன்.

போலீஸுக்கு நீங்க ஃபோன் பண்றேன்னு சொல்றீங்களா? நம்பரு வேணும்னா நான் தர்றேன், ரெண்டு வருசமா மனப்பாடம். பண்ணுங்க சார். வேணாம்னு சொல்றதுக்கு வாய் வருது, பழக்கம் அப்பிடி. நீங்க கேக்காதீங்க, நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. ஆனா மொதல்ல இந்த பேப்பர்ல பச்சை மைல கையெழுத்து போடுங்க. ஒம்பது மார்க்கு, கேஸ் இல்லன்னு. நான் பாக்கணும். கேம்ப் இன்னிக்கோட முடியுது, நாலரை மணிக்கு அவரு வந்து இங்க வாசல்ல நிப்பாரு.

போட்டுட்டீங்களா. ரொம்ப தேங்க்ஸ் சார்.

இந்தாங்க, என் லெட்டர். தேதி போட்டிருக்கேன். பேரு, டிபார்ட்மெண்ட், இன்னா நடந்துச்சின்னு நாலு வரி. அட்ரஸ் மட்டும் தனியா எழுதல, அவ பேப்பர்லயே இருக்கு. யூனிவர்சிட்டிலேர்ந்து எனக்கு ஆர்டர் வரும் இல்ல, வேலை இல்லன்னு? அத மட்டும் கையெழுத்து வாங்கற தபால்ல அனுப்ப வேணாம்னு சொல்லுங்க சார். போஸ்ட்மேன் வெளிய நின்னு கூப்பிடுவாரு, போலீஸ் வந்து தொறக்கற வரைக்கும் நான் உள்ளதான் இருப்பேன், வந்து வாங்க முடியாது. சாதா தபால்ல போடச் சொல்லுங்க. கேட்டுக்கு அடில இடுக்கு இருக்கு, தள்ளி விட்டுட்டுப் போய்டுவாரு.